ஹாஃப் கிளட்ச் அக்கா போட்ட பதில்

அக்கா எனக்கு எழுதிய ஒரு வரி எங்கோ ஒரு கணினிக்குள் கிடந்தது. அதை நான் படித்திருக்கவில்லை. அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதில் ஆறு மாதம் அந்த ஒரு வரிக்காக ஒரு நிறுவனத்தோடு கடிதம் நடத்தினேன். அந்த வரி அங்கே எப்படிப் போய் மாட்டிக்கொண்டது என்பதைச் சொல்ல, அக்காவைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும்.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். பதினான்கு வருடம் அதுதான் அவள் வேலை. ஒரே ஒரு சாம்பல் நிறக் கார். கூரையில் எல் போர்டு. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், அக்காவின் காலுக்குக் கீழே இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். முன் கண்ணாடியில் அவளுக்கென்று ஒட்டவைத்த ஒரு சின்னக் கண்ணாடி, பின்னால் வருவதை அவளும் பார்த்துக்கொள்ள. காலை ஆறுக்கு முதல் ஆள் ஏறுவாள், மாலை ஏழுக்குக் கடைசி ஆள் இறங்குவாள். நடுவில் அக்கா காரிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள்.

மேட்டில் ஏறும்போது கார் பின்னால் உருளாமல், முன்னாலும் பாயாமல், கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து நிற்கவேண்டும். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் தோற்கிற இடம் அது. "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச், அவசரப்படாத, வண்டி உன்கிட்ட ஏதோ சொல்ல வருது, கேளு" என்பாள். ஒருநாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். கற்றுக்கொண்டவர்கள் அவளுக்கு வைத்த பெயரே அதுதான், ஹாஃப் கிளட்ச் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மொத்தம் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்று தெரியாது. ஒருத்தியிடம் மட்டும் தோற்றாள். அது நான். மூன்று தடவை என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தாள். மூன்று தடவையும் எதிரே லாரி வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை அவள் பிரேக்கை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எருமை, கண்ண மூடினா லாரி மறைஞ்சிடுமா?"

"நீ பிரேக் போடுவேன்னு தெரியும்டி எருமை."

எங்களுக்குள் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். வெளி ஆட்கள் முன்னால் 'அக்கா' என்பேன். வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர், எருமை. அம்மா "எருமைங்களா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டால் இரண்டும் சேர்ந்து போகும்.

வீடியோ போடும் யோசனை என்னுடையது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். புத்தகங்களைப் பகுத்து எண் போட்டு அடுக்குவது என் வேலை. அக்கா சொல்லும் பாடங்களையும் அப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கலாமே என்று தோன்றியது. டேஷ்போர்டில் போனை மாட்டிவைத்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பேசுவாள். ரிவர்ஸ் எடுப்பது எப்படி. மழையில் நிறுத்துவது எப்படி. பின்னால் ஹாரன் அடிக்கிறவனை எப்படி மதிக்காமல் இருப்பது. ஒவ்வொன்றும் "கண்ணாடியப் பாத்தாச்சா?" என்று தொடங்கும். ஆறே மாதத்தில் எங்கெங்கோ இருக்கும் பெண்கள் அதைப் பார்த்து லைசென்ஸ் வாங்கிவிட்டதாக எழுதினார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாடி, நான் ஏறாத காரயெல்லாம் ஓட்டிட்டு இருக்கேன்."

கேள்விகள் நிறைய வந்தன. பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வண்டி இருக்கா அக்கா?" அடுத்த வாரம் வகுப்புக்கு இடம் இருக்கிறதா என்பதை எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ஓட்டிக்கொண்டிருப்பவளுக்கு அருகில் உட்கார்ந்து அவளால் பதில் எழுத முடியாது. வீடியோ போடும் தளத்தில் தானாகப் பதில் போடும் வசதி ஒன்று இருந்தது. ஒரு சொல்லைக் குறித்துக்கொடுத்தால், அந்தச் சொல் வரும் பதிவுக்கெல்லாம் நாம் எழுதிவைத்த பதில் போகும். நான் உட்கார்ந்து 'வண்டி' என்ற சொல்லைக் குறித்தேன். பதிலையும் நானே எழுதினேன். "ஆர்வத்துக்கு நன்றி. ஆம், இருக்கிறது. நேரம் குறிக்க இந்த எண்ணில் அழைக்கவும்."

இந்தத் தப்பை வேறு யார் செய்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சொற்களை அடுக்கியே பிழைப்பு நடத்துகிறவள் செய்தேன்.

ஒரு வெயில் நாளில் அவள் காருக்கு வெளியே நின்று டயர் மாற்றுவது எப்படி என்று காட்டினாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாக்கியைச் சுழற்றினாள். அந்த வீடியோ எப்படியோ ஆண்கள் கூட்டம் ஒன்றின் கையில் போய்ச் சேர்ந்தது. "வண்டி சூப்பர்." "வண்டி எந்த வருஷ மாடல்?" "வண்டி செகண்ட் ஹேண்டா? யார் வேணா ஓட்டலாமா?" ஒன்றின் கீழ் ஒன்றாக முந்நூறு, நானூறு. ஒவ்வொன்றின் கீழும் அக்காவின் பெயரில், அக்காவின் சிரித்த முகத்தோடு, நான் எழுதிய பதில் போய் உட்கார்ந்தது. ஆர்வத்துக்கு நன்றி. ஆம், இருக்கிறது. இந்த எண்ணில் அழைக்கவும்.

அழைத்தார்கள். அன்று மாலைக்குள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாத அளவுக்கு அழைத்தார்கள். அந்தப் பதில்களைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கணவர் அவளை நிறுத்திவிட்டார். அக்கா போனுக்கு ஒரு பூட்டுப் போட்டாள். எந்த எண் என்று எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எல்லா வீடியோவையும் மறைத்துவைத்தாள்.

நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"நான் வேற வார்த்தையப் போட்டிருக்கணும்," என்றேன்.

"என்ன வார்த்தை? கார்னு போட்டிருந்தா கார்னு எழுதியிருப்பானுங்க. நான் காய்கறி வித்தாலும் அதுக்கும் ஒண்ணு வச்சிருப்பானுங்க. போ, தண்ணி கொண்டா."

அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தளத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக அழுத்தி, தனித்தனியாகக் காரணம் தேர்ந்தெடுத்து அனுப்பவேண்டும். நானூறு தடவை தன்மேல் எழுதப்பட்டதை அவளே திரும்பப் படிக்கவேண்டும். பதில் ஒரே மாதிரி வந்தது. "பரிசீலித்தோம். இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை." கூடவே அவள் பக்கத்தின் உச்சியில் ஒரு நினைவூட்டல் வந்துகொண்டே இருந்தது. "வாடிக்கையாளர்களின் 212 கேள்விகளுக்கு நீங்கள் இன்னும் நேரடியாகப் பதிலளிக்கவில்லை."

"வாடிக்கையாளராம்டி," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு வருடம் கழித்து ஒரு புதுச் சட்டம் வந்தது. பெண்களை இணையத்தில் இழிவுபடுத்துவதைத் தடுப்பது தளத்தை நடத்துகிறவர்களின் கடமை என்றது. ஒருத்தி ஒன்றைச் சுட்டிக்காட்டினால் அதே போன்ற மற்றதையெல்லாம் அவர்களே தேடி எடுக்கவேண்டும். இரண்டு நாளுக்குள் பதில், காரணத்தோடு, அவள் மொழியில். அந்த மொழி தெரிந்த மனிதர் ஒருவர் படித்திருக்கவேண்டும். அக்கா அதை அச்செடுத்துக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். சாலை விதிகளுக்குப் பிறகு அவள் முழுதாகப் படித்த ஒரே சட்டம் அதுதான்.

மறுபடி புகார் கொடுத்தாள். இந்தத் தடவை காரணத்தோடு பதில் வந்தது. "வண்டி என்பது வாகனம். தங்கள் பதிவு வாகனம் பற்றியது. பயனர்கள் வாகனம் பற்றிக் கேட்டுள்ளனர்."

இதை மேலே கொண்டுபோவதற்கு ஓர் ஆணையம் இருந்தது. அங்கே எழுதிப் போட்டாள். ஒரு வாரத்தில் அங்கிருந்து ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டார். வயதான குரல். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், இந்த வார்த்தைக்கு நீங்க ஒரு விளக்கம் எழுதித் தரணும்."

"உங்களுக்கு அர்த்தம் தெரியாதா சார்?"

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"தெரியும் மேடம். நானும் இந்த ஊர் டீக்கடையில நின்னவன்தான். ஆனா எனக்குத் தெரியும்னு எழுத முடியாது பாருங்க. அகராதில இல்ல. நீங்க எழுதிக் குடுத்தா, புகார்தாரர் விளக்கம்னு ஃபைல்ல ஏறும்."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். மூன்று மாலை. நான் நூலகத்துக்காரி பாணியில் ஏதேதோ எழுதினேன், உருவகம், இரட்டைப் பொருள் என்று. அக்கா எல்லாவற்றையும் அடித்தாள்.

"இதப் படிச்சா எனக்கே புரியல. நகரு."

அவள் எழுதியது அரைப் பக்கம்கூட வரவில்லை. "நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என் வீடியோவில் நான் சொல்லும் வண்டி கார். அதன் கீழே அவர்கள் எழுதியிருக்கும் வண்டி நான். வாக்கியத்தில் வண்டியை எடுத்துவிட்டு என்னை வைத்துப் படித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பெண் யாரையாவது வைத்துப் படித்துப் பாருங்கள்." கடைசியில் இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். அதைத்தான் நான் பிறகு மனப்பாடம் செய்யவேண்டி வந்தது. "ஒரு சொல் வசையா செல்லமா என்று முடிவு செய்யவேண்டியது அதை எழுதியவன் இல்லை, கம்பெனியும் இல்லை. அதை வாங்கிக்கொண்டவள்தான்."

நான்கு மாதம் கழித்து ஆணையம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நானூறு சொச்சம் பதிவுகளும் ஒரே நாளில் போயின. அவள் எழுதிய கடைசி இரண்டு வாக்கியத்தை வைத்து நிறுவனம் ஒரு புது விதியே எழுதிக்கொண்டது. அந்த வாரமே அக்கா எல்லா வீடியோவையும் திரும்ப வெளியே விட்டாள். தானாகப் பதில் போடும் வசதியை நானே என் கையால் நிறுத்தினேன்.

திரும்ப வந்த வீடியோக்களில் ரிவர்ஸ் எடுக்கும் வீடியோவின் கீழே நான் எழுதினேன். "போடி எருமை. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்ட, என்னை மட்டும் விட்டுட்ட."

மறுநாள் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் பதில் போட்டதாகப் போனில் அறிவிப்பு வந்தது. கையில் தூசி. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டேன். மாலையில் திறந்தால் என் பதிவும் இல்லை, அதன் கீழே இருந்த அவள் பதிலும் இல்லை. எனக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் வந்திருந்தது. "பெண்ணை விலங்கோடு ஒப்பிட்டு இழிவுபடுத்தியதற்காகத் தங்கள் பதிவு சட்டப்படி நீக்கப்பட்டது."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு?"

"அம்மா, உன் சின்ன மக பெண்களுக்கு எதிரான குற்றவாளி. கவர்மெண்டே சொல்லிடுச்சு."

"அத விடு, என்ன பதில் போட்ட?" என்றேன்.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுடி."

"அப்பீல் பண்ணு. நீக்கினது தப்புன்னா அதுக்கும் அந்தச் சட்டத்துலயே வழி இருக்கு, நான் படிச்சிருக்கேன். என்கிட்ட கேட்டு ஒரு கேள்வியும் வந்திருக்கு, இது உங்களுக்கு வசையான்னு. நீ அப்பீல் பண்ணு, அப்புறம் நான் இல்லைன்னு அழுத்துறேன். குற்றவாளி கொஞ்சம் அலையட்டும்."

"அடுத்த வாரம் பண்றேன் போ."

அதற்குப் பதினோராவது நாள், காலை ஏழு மணி வகுப்பில், ஒரு நர்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் பிறகு எங்களிடம் சொன்னாள். அக்கா "தலை வலிக்குது, ஓரமா நிறுத்து" என்றாளாம். நிறுத்தினாள். "ஹேண்ட் பிரேக். நியூட்ரல். லைட்டப் போடு" என்று வரிசையாகச் சொன்னாளாம். நாலு பக்கமும் விளக்கு மினுக்கியது. "கண்ணாடியப் பாத்துட்டுக் கதவத் திற" என்றாள். நர்ஸ் இறங்கிச் சுற்றி வந்து இந்தப் பக்கக் கதவைத் திறந்தபோது அக்கா பேசவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கார் கோட்டுக்கு உள்ளே, சரியான இடத்தில் நின்றிருந்தது.

முதல் இரண்டு மாதம் நான் எதையும் தொடவில்லை. மூன்றாவது மாதம்தான் அந்த வரி நினைவுக்கு வந்தது. அவள் துணிகள், டப்பா, எண்ணெய்க் கறை படிந்த கைத்துண்டு எல்லாம் வீட்டில் இருக்கின்றன. அவையெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தவை. அவளிடமிருந்து எனக்கு இனிமேல் வரக்கூடிய புதிய சொல் என்று உலகத்தில் அந்த ஒன்றுதான் மிச்சம்.

அப்பீல் செய்தேன். சட்டம் சொன்னபடி இரண்டு நாளில் பதில் வந்தது. "பதிவைப் பெற்றவரிடம் இது வசையா என்று கேட்டுள்ளோம். அவர் இல்லை என்று உறுதிசெய்தால் மீட்கப்படும்."

அவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன்.

"தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். பெற்றவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்."

இறப்புச் சான்றிதழை அனுப்பினேன். நான் தங்கை என்பதற்குச் சான்று அனுப்பினேன். அவள் போனின் பூட்டைத் திறக்க அவள் பிறந்த தேதி, என் பிறந்த தேதி, காரின் எண் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன், திறக்கவில்லை என்றும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் அதே விதியைக் காட்டினார்கள். வசையா செல்லமா என்று முடிவு செய்யவேண்டியது அதை வாங்கிக்கொண்டவள்தான். அக்காவின் வாக்கியம். அவளே கேட்டு வாங்கிய பூட்டு. எத்தனையோ பெண்களை அது காப்பாற்றிக்கொண்டிருக்கும். எனக்காக அதை உடைக்கச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் ஆணையத்து அதிகாரியைக் கூப்பிட்டேன். அக்கா பெயரைச் சொன்னதுமே அடையாளம் தெரிந்துகொண்டார். நடந்ததைச் சொன்னேன்.

"அடடா," என்றார். வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா, விதி அவங்க பதில்னுதான் சொல்லுது. பட்டன அழுத்தித்தான் சொல்லணும்னு எங்கயும் எழுதல. அவங்க வாயால எங்கயாவது சொல்லியிருக்காங்களா, பாருங்க. பேச்சு, வீடியோ, ஏதாவது."

வீடியோ இருந்தது. மொத்தம் அறுபத்தொன்று. அவள் போனதிலிருந்து ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. குரல் வருமே என்று பயம்.

ஒரு ஞாயிறு காலை அம்மாவோடு உட்கார்ந்து முதல் வீடியோவிலிருந்து தொடங்கினேன். கண்ணாடியப் பாத்தாச்சா? அம்மா ஒவ்வொரு தடவையும் "ம்" என்று பதில் சொன்னாள். மழையில் நிறுத்தினோம். மேட்டில் ஏறினோம். டயர் மாற்றினோம். மதியம் தாண்டி அறுபத்தொன்றாவது வந்தது. போவதற்கு ஐந்து நாள் முன்னால் போட்டது. சிக்னலில் வண்டி அணைந்துவிட்டால் பதறாமல் இருப்பது எப்படி என்று சொல்லிமுடித்தாள். போனை நிறுத்தக் கையை நீட்டியவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"அப்புறம் ஒண்ணு. என் தங்கச்சி என்னை எருமைன்னு எழுதிட்டாளாம், தூக்கிட்டாங்க. பாவம், இன்னும் அப்பீல் பண்ணாம திரியறா. வண்டி ஓட்டத்தான் அவளுக்கு லைசென்ஸ் இல்ல. என்னை எருமைன்னு கூப்பிட இந்த உலகத்துல அவ ஒருத்திக்குத்தான் லைசென்ஸ் குடுத்திருக்கேன். ஆயுள் லைசென்ஸ். சரி, பாத்து ஓட்டுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் நிமிடத்தையும் நொடியையும் குறித்தேன். அதை நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இந்தத் தடவை அச்சு வாசகம் இல்லை, யாரோ உட்கார்ந்து தட்டியது. எழுத்துப்பிழை ஒன்று இருந்தது. "வீடியோவை முழுதாகப் பார்த்தேன். பெற்றவரின் பதிலாக ஏற்கிறோம். பதிவு மீட்கப்படுகிரது."

திறந்தேன். போடி எருமை. ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்ட, என்னை மட்டும் விட்டுட்ட. அதன் கீழே அக்கா:

"யாரு விட்டா? ரெண்டாவது பிரேக் என் காலுக்குக் கீழதான இருக்கு. கண்ண மட்டும் மூடாத. வா."

அம்மா படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"வான்னுதான சொல்லியிருக்கா," என்றாள். "அப்புறம் ஏன் இங்கயே நிக்கிற?"

கார் வாசலில்தான் நின்றது. நர்ஸ் வாரம் ஒருமுறை வந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் போவாள். சாவி ஆணியில் இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். என் கண்ணாடியைத் திருப்பி எனக்குச் சரிசெய்தேன். பக்கத்தில் அக்காவின் சின்னக் கண்ணாடி, அவள் கண்ணுக்கு அவள் வைத்த கோணத்திலேயே இருந்தது. என் இடத்திலிருந்து பார்த்தால் அதில் கதவின் விளிம்பும் கொஞ்சம் வானமும் மட்டும் தெரிந்தன. அதைத் தொடவில்லை.

தெருமுனையில் ஒரு லாரி திரும்பியது. கண்ணை மூடாமல் அது கடந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.